ஒரு மடக்கு கலர்

கனகராஜ் மூச்சு முட்டிச் செத்தான் என்று கேள்விப்பட்டபோது அவனைத் தெரிந்தவர்கள் முதலில் நம்பவில்லை. அடையாற்றில் ஒரு டென்னிஸ் கிளப்பில் பதினாறு வருஷம் மார்க்கராக இருந்தவன் அவன். விடிந்ததும் மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, இரும்பு உருளையை இழுத்துச் சமன் செய்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, வலை கட்டி வைப்பான். ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தால் மெம்பர்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வெறுங்காலோடு ஓடுவான். எதிரே ஆடுகிற வக்கீல்களும் ஆடிட்டர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இவன் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு அடுத்த பந்துக்குக் காத்திருப்பான். நாற்பத்திரண்டு வயசு. பீடி கூடக் குடித்ததில்லை.

அவன் மனைவி புஷ்பம் ஆழ்வார்பேட்டையில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக வேலை பார்த்தாள். மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். ஒரே பெண், ஜெயபாரதி. அந்த வருஷம், அதாவது எழுபத்து நாலில், எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருந்தாள். பரீட்சை முடிந்த கையோடு அவளைத் தன் அக்காள் மகனுக்குக் கட்டிவைத்துவிட வேண்டும் என்பது கனகராஜின் எண்ணம். டைப்ரைட்டிங் படிக்க அனுப்ப வேண்டும் என்பது புஷ்பத்தின் எண்ணம். ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை இதே பேச்சு வந்து, அது வளர்ந்து, அக்கம்பக்கத்தில் கதவைத் திறந்து பார்க்கிற அளவுக்குப் போய்விட்டது.

“நீ செத்துத் தொலைஞ்சாத்தான்யா என் பொண்ணு உருப்படும்” என்றாள் புஷ்பம்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து முன்பும் வந்ததுதான். வருஷத்துக்கு நாலு தடவையாவது வரும்.

சாயங்காலம் அவன் வழக்கத்துக்கு முன்பே வந்தான். முகம் வெளிறியிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு தரம் வாந்தி எடுத்தான்.

“இன்னாய்யா ஆச்சு? எத்தத் தின்ன?”

“ஒண்ணியும் இல்லமே. வெயிலு. கேன்டீன் வடை ஒத்துக்கல போல கீது.”

மோர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டை எரிகிறது என்று வைத்துவிட்டான். மறுநாள் எழுந்து வேலைக்கும் போனான். புதன்கிழமை காலை பல் தேய்க்கும்போது நாக்கிலிருந்து வெள்ளையாகத் தோல் உரிந்து வந்தது. உதடு வெந்திருந்தது. தெருமுனை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உடம்புச் சூடு என்று சொல்லி வாயில் ஊதா மருந்து தடவி அனுப்பினார். ஊதா உதட்டோடு அவன் சிரித்ததைப் பார்த்து ஜெயபாரதியும் சிரித்தாள். வெள்ளிக்கிழமை வந்தபோது ஒருவருக்கும் சிரிப்பு இல்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. கண் மஞ்சளாகிவிட்டது. முந்தின நாள் முழுக்க ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை என்று அப்போதுதான் சொன்னான். பக்கத்து வீட்டு அமீனா பீ ஓடிப்போய் ரிக்‌ஷா பிடித்து வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அங்கே வார்டில் இருந்த இளம் டாக்டர் பெயர் ராஜநாயகம், சாந்தோமைச் சேர்ந்த பிள்ளை. படிப்பு முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வாயைத் திறந்து பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

“இது சூடு இல்ல. ஏதோ மருந்து பட்டு வெந்திருக்கு. என்ன குடிச்சீங்க?”

“ஒண்ணியும் குடிக்கல சார்.”

மூன்று தடவை கேட்டும் அதே பதில்தான். புஷ்பம் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். ‘மருந்து’ என்ற சொல் காதில் விழுந்ததுமே அவளுக்குத் திங்கட்கிழமை காலை தான் சொன்னது ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கிளப்பின் ஸ்டோர் கீப்பர் வால்டர் வந்தார். பார்க்க வந்தவர் கையில் பழம் எதுவும் இல்லை. ஐந்து லிட்டர் டின் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். புஷ்பத்தைத் தாண்டி நேராக டாக்டரிடம் போனார்.

“டாக்டர், இது களைக்கொல்லி. நீலகிரியில எஸ்டேட் வெச்சிருக்கிற ஒரு மெம்பர் கொண்டுவந்து குடுத்தார். கோர்ட் ஓரத்துல கோரைப்புல் மண்டிக்கிடக்கு, இதை அடிச்சா காஞ்சிடும்னார். டின்னிலேர்ந்து கொஞ்சமா ஊத்த வரல. அதனால ஒரு காலி கலர் சோடா பாட்டில்ல ஊத்தி, காகிதத்தைச் சுருட்டி அடைச்சு, ஷெட்ல வெச்சேன். போன சனிக்கிழமை பாதியை அடிச்சோம். மிச்சம் பாட்டில்லயே இருந்துச்சு. இன்னைக்குப் போய்ப் பார்க்கிறேன், காகித அடைப்பு கீழே கிடக்கு.”

ராஜநாயகம் டின்னைத் திருப்பி, ஒட்டியிருந்த தாளில் இருந்த பொடி எழுத்தைப் படித்தான். அந்தத் தாளை அதற்கு முன் கிளப்பில் ஒருத்தரும் படித்திருக்கவில்லை. படித்து முடித்துவிட்டுக் கட்டிலருகே வந்து உட்கார்ந்தான்.

“கனகராஜ், எவ்வளவு உள்ளே போச்சு? அதை மட்டும் சொல்லுங்க.”

கனகராஜ் மனைவியைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “ஒரே மடக்கு சார். வாயில போனதுமே துப்பிட்டேன். கொஞ்சம் எறங்கிடுச்சு.”

“ஒரு மடக்குதான? அதான் துப்பிட்டாரே சார்” என்றாள் புஷ்பம். டாக்டர் முல்தானி மண் எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டான். முகத்தில் பூசுகிற மண்ணை எதற்குக் கேட்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. அமீனா பீ திருவல்லிக்கேணியில் தெரிந்த கடைக்குப் போய் ஒரு பெரிய பொட்டலம் வாங்கி வந்தாள். வயிற்றில் மிச்சம் மீதி விஷம் இருந்தால் அந்த மண் பிடித்துக்கொள்ளும் என்றான் டாக்டர். தண்ணீரில் கரைத்து, வெந்த தொண்டை வழியே டம்ளர் டம்ளராக இறக்கினார்கள். கண்ணில் நீர் வழிய அவன் குடித்தான். ஐந்து நாள் கழித்துக் கொடுத்த மண். டாக்டருக்கே நம்பிக்கை இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

விஷம் என்று எழுதியதும் போலீஸ் வர வேண்டுமே, ஞாயிற்றுக்கிழமை ஏட்டு ஒருவர் வந்தார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

“அஞ்சு நாளா ஒருத்தன் எதுக்குமா மறைக்கணும்? தெரியாம குடிச்சவன் அன்னைக்கே கத்தியிருப்பான். ஊட்டுல சண்டையா?”

“இல்ல சார்.”

“அன்னைக்குக் காலைல?”

“இல்ல சார்” என்றாள். ஏட்டு எழுதிக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. தெரியாமல் குடித்தவன் ஏன் வடை என்று சொன்னான்? ஏன் மறுநாள் வேலைக்குப் போனான்? யாரிடம் கேட்பது? அவனிடமே கேட்கலாம். கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அடுத்த இரண்டு நாள் நன்றாகத்தான் போயின. மூத்திரம் இறங்கியது. கண் மஞ்சள் கொஞ்சம் தெளிந்தது. ஆறிய கஞ்சியை ஸ்பூனில் எடுத்து விழுங்கினான். ஜெயபாரதி கொண்டுவந்த பேப்பரை வாங்கி ஆட்டச் செய்தி பார்த்தான். நர்ஸ் நோராவிடம், எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று கூடக் கேட்டான். புஷ்பம் மயிலாப்பூர்க் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். டாக்டர் மட்டும் நாளுக்கு நாலு தடவை வந்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

புதன்கிழமை காலை, கழிப்பறைக்குப் போய்த் திரும்பிய கனகராஜ் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இருபது அடி தூரம். இளைப்பு வந்துவிட்டது. தனக்கே அது புதுசாக இருந்தது போல, நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அன்று தொடங்கியது நிற்கவில்லை. வியாழக்கிழமை உட்கார்ந்தால்தான் மூச்சு. வெள்ளிக்கிழமை ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்தது. நினைவு மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. மூச்சு குறைவதை அவன் ஒவ்வொரு நிமிஷமும் தெரிந்துகொண்டே இருந்தான்.

பக்கத்துக் கட்டிலில் தங்கவேல் என்ற இழுப்புக்காரக் கிழவர். அவருக்கு இளைக்கிறபோதெல்லாம் நோரா சிலிண்டரைத் திறந்து ரப்பர் மூடியை மூக்கில் வைப்பாள். ஐந்து நிமிஷத்தில் கிழவர் பேச ஆரம்பித்துவிடுவார். இவனுக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. புஷ்பம் நோராவைக் கேட்டாள். டாக்டர் உத்தரவு இல்லை என்றாள். டாக்டரைக் கேட்டாள்.

“அந்த விஷம் நுரையீரல்ல போய்த் தங்கிடுச்சும்மா. ஆக்ஸிஜன் அதிகமாப் போகப் போக அது இன்னும் வேகமா நுரையீரலைக் கெடுக்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. அவரால தாங்க முடியுற வரைக்கும் குடுக்கக் கூடாது.”

“காத்து குடுத்தா மனுசன் சாவானா? இது இன்னா சார் பேச்சு? கெழவனுக்குக் குடுக்கிறீங்களே!”

“அவருக்கு வேற வியாதி.”

அவளுக்கு அது ஏறவில்லை. கேட்க ஆளில்லாதவர்கள் என்றுதானே இப்படிச் சொல்கிறான் என்று நினைத்தாள். வராந்தாவில் நின்று கத்தினாள். கிளப் மெம்பர் யாராவது படுத்திருந்தால் இப்படிச் செய்வாயா என்று கேட்டாள். ராஜநாயகம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கவேலை எக்ஸ்ரே எடுக்கச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். ரப்பர் மூடி சிலிண்டரின் கழுத்தில் தொங்கியது. நோரா வார்டின் அந்தக் கோடியில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். சாவியை எந்தப் பக்கம் திருப்புவாள் என்பதைப் புஷ்பம் மூன்று நாளாகப் பார்த்துவைத்திருந்தாள். சிலிண்டரை இழுத்தாள். திருப்பினாள். உஸ்ஸென்று காற்று வந்தது. மூடியைப் புருஷன் மூக்கின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கனகராஜ் கண்ணை மூடினான். தோள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உதட்டு நீலம் மங்கி, பழைய நிறம் எட்டிப் பார்த்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் அவளுக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

நோரா ஓடிவந்து மூடியைப் பிடுங்கினாள். திட்டவில்லை. சிலிண்டரை மூடிவிட்டு, புஷ்பத்தின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய் டாக்டர் முன்னால் நிறுத்தினாள்.

ராஜநாயகம் இந்தத் தடவை பூசி மெழுகவில்லை. “பச்சைக் கீரையை நெருப்புல வாட்டினா சுருங்கிப்போகுதுல்ல, அந்த மாதிரி அவர் நுரையீரல் சுருங்கிக்கிட்டு வருது. அந்த நெருப்புக்கு விசிறி ஆக்ஸிஜன்தான். எனக்கும் குடுக்கணும்னுதான் இருக்கு. அவர் மூச்சுக்குத் தவிக்கிறதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கல. ஆனா ஒரு வேளை, நூத்துல ஒரு பங்கு, தானா நின்னுட்டா? அதுக்காகத்தான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்.”

புஷ்பம் கேட்டாள்: “பத்து நிமிஷம் வெச்சேன் சார். நான் கொன்னுட்டேனா?”

“இல்ல” என்றான் டாக்டர். ஆனால் அந்த ‘இல்ல’ வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ரொம்ப வருஷம் கழித்தும் அவளுக்கு அந்த இடைவெளி மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே, இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

“யோவ், உண்மைய சொல்லு. நான் அன்னிக்கு அப்டி சொன்னேனே. அதுக்காகக் குடிச்சியா?”

அவன் அவளை வினோதமாகப் பார்த்தான். என்ன சொன்னாள் என்று யோசிப்பது போல இருந்தது. அப்புறம் தலையை ஆட்டினான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்கு நின்று நின்று சொன்னான்.

“ச்சே... தாகம்மே... வெயிலு... பானைல... தண்ணி இல்ல... கலரு பாட்டில்... பாதி இருந்துச்சு... மெம்பருங்க... குடிச்சிட்டு... வெச்சிட்டுப் போவாங்க... மிச்சத்த... நான் குடிப்பேன்...”

“எப்பவுமா?”

“எப்பவும்.” கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். “எச்சி கலரு... உன்னாண்ட... எப்டி சொல்றது... பாரதி வேற... நின்னுக்கினு இருந்தா...”

புஷ்பத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பதினாறு வருஷம் இவன் வீட்டில் பிள்ளை மிச்சம் வைத்த சோற்றைக் கூடத் தொட்டதில்லை. எச்சில் தின்னுகிற சாதியா நாம் என்று அதட்டுவான். அங்கே போய் ஊரான் வாய் வைத்த பாட்டிலைக் குடித்திருக்கிறான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு அஞ்சு நாள் விஷத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறான். திங்கட்கிழமையே சொல்லியிருந்தால்?

“பைத்தியக்காரா” என்றாள். “நீ என்னத்தக் குடிச்சா எனக்கின்னா?”

அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, “அக்கா பையன்... நல்ல பையன்தான்மே...” என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அத்த அப்பறம் பாத்துக்கலாம்” என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவனுக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க அரை மணி ஆயிற்று.

திங்கட்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவன் கட்டிலருகே புதுச் சிலிண்டர் ஒன்று நின்றது. ரப்பர் மூடி அவன் முகத்தில் இருந்தது. தலையணைகளில் சாய்ந்து, பத்து நாளில் பார்க்காத அமைதியோடு இருந்தான். புஷ்பம் கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தாள். மனம் குபீரென்று பொங்கியது. நோராவின் பக்கம் திரும்பி, “வெச்சிட்டீங்களா சிஸ்டர்! சரியாப் போச்சா? விஷம் எறங்கிடுச்சா?” என்றாள்.

நோரா தலைமாட்டுத் துணியைச் சரி செய்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த துணி அது. ராஜநாயகம் ஜன்னல் ஓரம் நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். அவன் அவளைப் பார்த்தான். காற்று கொடுத்தால் என்ன ஆகும் என்று அவன் சொன்னதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இனிமேல் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்றால்தான் கொடுப்பான். பார்த்துக்கொண்டே நின்றவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜெயபாரதியும் அமீனா பீயும் வந்தார்கள். கனகராஜ் மகள் தலையில் கை வைத்தான். பேச முடியவில்லை. இரண்டரை மணிக்கு உயிர் போயிற்று. மடக்கு இறங்கி அன்றோடு பதினாலு நாள்.

பிணத்தைக் கொடுப்பதற்கு முன் விசாரணை நடந்தது. குடும்பச் சண்டையில் மருந்தைத் தேடிக் குடித்தான் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது கிளப் செக்ரட்டரியின் யோசனை. பாட்டிலில் சீட்டு ஒட்டியிருந்தேன் என்று மட்டும் சொல், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வால்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். வால்டர் ஏட்டு முன்னால் வந்து நின்று, “சீட்டு ஒட்டல. ஊத்தினது நான். பூட்டி வைக்கணும்னு தோணல. அவன் தெரியாமத்தான் குடிச்சான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து புஷ்பத்தின் முன் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவளுக்கு மன்னிக்கத் தோன்றவில்லை. ஆனால் அவர் சொன்னதற்குப் பிறகு தன் புருஷனைத் தற்கொலை செய்துகொண்டவன் என்று யாரும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. “போங்க சார்” என்றாள். அடுத்த மாதமே வால்டரைக் கிளப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

புஷ்பம் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நர்சரிக்குத் திரும்பினாள். ஜெயபாரதி டைப்ரைட்டிங் படித்து, தியாகராய நகரில் ஒரு துணிக்கடை ஆபீஸில் சேர்ந்தாள். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். வாழ்க்கை நடந்துவிட்டது. ஆனால் பள்ளியில் குழந்தைகள் ஓடி விளையாடிவிட்டு மூச்சு வாங்க வந்து மடியில் விழும்போது, அந்த மூச்சு அடங்கும் வரை அவள் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

எழுபத்தேழில் ஒரு நாள் டாக்டர் ராஜநாயகம் ஆள் அனுப்பினார். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவன் அதே மருந்தைக் குடித்துவிட்டு வந்திருக்கிறான், அவன் மனைவி ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள், நீங்கள் ஒரு தடவை வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார். புஷ்பம் போனாள். அதே வார்டு. வேறு கட்டில். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது.

“அக்கா, உங்க வீட்டுக்காரரும் இதான் குடிச்சாராமே? பிழைச்சிட்டாரா?”

என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். யோசித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“இல்லம்மா” என்றாள். “பதினாலு நாள் இருந்தாரு. கடைசி வரைக்கும் நெனப்பு இருந்துச்சு. என்னாண்ட பேசினாரு.” அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். “நீ இங்க நின்னு டாக்டராண்ட சண்ட போட்டுக்கினு இருக்காத. உள்ள போ. அவராண்ட இன்னா கேக்கணுமோ இப்பவே கேட்டுடு. நாளைக்குப் பேச்சு வராது.”

அந்தப் பெண் அவளை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெறுப்புதான் இருந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புஷ்பம் படியிறங்கி வந்து பஸ் ஏறினாள். அதற்குப் பிறகும் டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அவள் போகவில்லை.